நாவுக்குப் பூட்டிட்டது யார்?

கோடை வந்தால் கரிசல் நிலம் வாய் பிளக்கும். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் செல்லும் சாலைகளின் இருமருங்கிலும், கால் நுழைந்தால் கணுக்கால் மறையும் வெடிப்புகளைக் காணலாம். வானத்தை நோக்கி வாய் திறந்து, "நீர் கொடு" என்று கேட்கும் நிலம் அது. ஆனால், அந்த நிலம் ஈன்ற இளைஞன், பட்டம் பெற்ற இளைஞன், பருத்திக் காட்டிலும் மிளகாய்க் காட்டிலும் தாய் தந்தையர் சிந்திய வியர்வையால் படித்து முன்னேறிய இளைஞன், பெருநகரத்து அலுவலகத்தின் குளிரூட்டிய அறையிலே, நேர்முகத் தேர்வு நடத்துவோர் எதிரே அமர்ந்து, "உம்மைப் பற்றிச் சொல்லும்" என்று ஆங்கிலத்திலே கேட்கப்பட்டவுடன் வாய் திறவாதிருக்கிறான். நிலம் வாய் திறக்கிறது. நிலத்தின் மகன் வாய் மூடுகிறான்! ஏன்?

அறிவில்லையா? இருக்கிறது. இலக்கணம் தெரியாதா? தெரியும், மூன்று காலத்தையும் நந்நான்காக விரித்துப் பன்னிரண்டையும் வரிசை தவறாமல் எழுதிக் காட்டுவான். சொற்கள் தெரியாவா? தெரியும், கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் அவன். விடை நெஞ்சிலே நிற்கிறது. சொல் தொண்டைவரை வந்து நிற்கிறது. நா மட்டும் அசைய மறுக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது, முகம் சிவக்கிறது, பார்வை தரையைத் தேடுகிறது. மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் இதே நிலைதான். அவள் நிலை இன்னும் கொடிது. வீட்டிலே "பொம்பளப் பிள்ளைக்கு என்ன பேச்சு" என்று அடக்கப்பட்ட நா அது. அவையிலே "பேசு, உடனே பேசு, ஆங்கிலத்திலே பேசு" என்று விரட்டப்படுகிறது!

இந்த அச்சத்துக்குக் காரணம் கூறுவோர் மூவகையினர். "நாட்டுப்புறத்துப் பிள்ளைகளுக்குக் கூச்சம் பிறவிக் குணம்" என்பார் ஒரு சாரார். "தமிழ்வழியிலே படித்ததன் பயன் இது, இருமொழிக் கொள்கையின் விளைவு இது" என்பார் மற்றொரு சாரார். "ஆங்கிலமே அடிமைச் சின்னம், அதைத் தூக்கி எறிந்துவிட்டால் அச்சமும் தொலையும்" என்பார் மூன்றாம் சாரார். இம்மூன்று கூற்றுகளையும் ஒவ்வொன்றாக உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது பகுத்தறிவாளர் கடமை என்று கருதுகிறோம்.

பிறவிக் குணம் என்போர்க்கு முதலில் விடை கூறுவோம்.

கரிசல் காட்டுச் சிற்றூர்களை அறிந்தவர் ஓர் உண்மையை அறிவர். அங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்படியில் பேசும் மொழி தெலுங்கு. தெருவிலே பேசும் மொழி தமிழ். வாசற்படியைத் தாண்டும்போதே மொழியையும் மாற்றிக்கொள்ளும் ஐந்து வயதுக் குழந்தைகளை அவ்வூர்களில் காணலாம். எவரும் அக்குழந்தைக்கு இலக்கணம் சொல்லித் தரவில்லை. எவரும் தேர்வு வைக்கவில்லை. எவரும் பிரம்பு எடுக்கவில்லை. தவறாகச் சொன்னால் பாட்டி சிரிப்பாள். அந்தச் சிரிப்பிலே அன்பு இருக்கும், இகழ்ச்சி இராது. ஆகவே அச்சமும் இல்லை, கூச்சமும் இல்லை, இருமொழியும் இயல்பாக வருகிறது. இரண்டாம் மொழி பேசுவதென்றால் நடுங்குவதுதான் நாட்டுப்புறத்தான் இயல்பு என்றால், கரிசலிலே பாதி ஊர் ஊமையாக இருந்திருக்க வேண்டுமே!

கடல் கடந்து பார்ப்போம். 1986ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலே எலெய்ன் ஹார்விட்ஸ், மைக்கேல் ஹார்விட்ஸ், ஜோன் கோப் என்னும் மூவர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். பிறமொழி வகுப்பறையிலே மாணவர் கொள்ளும் அச்சத்தை அளப்பதற்கு, முப்பத்து மூன்று கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை அவர்கள் அமைத்தனர். அந்த அச்சத்தை, பிறரோடு பேசுதற்கு அஞ்சுதல், தேர்வுக்கு அஞ்சுதல், பிறர் தம்மைத் தாழ்வாக மதிப்பிடுவரோ என்று அஞ்சுதல் என்னும் மூன்றோடும் இணைத்து விளக்கினர். உலகெங்கும் இன்றும் ஆய்வாளர்கள் கையாளும் அளவுகோல் அது. அவர்கள் முதலில் அளந்து பார்த்தது யாரை? கோவில்பட்டிப் பிள்ளைகளையா? இல்லை. தொடக்க நிலையிலே ஸ்பானிய மொழி பயின்ற அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை! ஆங்கிலமே மூச்சாகக் கொண்ட அந்த இளைஞர்களும், பிறிதொரு மொழியிலே ஆசிரியர் கேள்வி கேட்டவுடன் நெஞ்சு படபடக்க நின்றனர். ஆக, அச்சம் பட்டிக்காட்டின் தனிச்சொத்தும் அன்று, தமிழனின் பிறவிக் குறையும் அன்று.

இந்த உண்மையை நிலைநாட்டியமைக்காக அந்த ஆய்வினை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்த அளவுகோல் அளக்காமல் விட்ட ஒன்றும் உண்டு. ஸ்பானிய மொழி பேசத் தடுமாறும் அமெரிக்க மாணவன் எதை இழக்கிறான்? சில மதிப்பெண்களை இழக்கிறான். மாலையிலே நண்பரோடு சிரித்து மறக்கிறான். ஆங்கிலம் பேசத் தடுமாறும் கரிசல் மாணவன் எதை இழக்கிறான்? வேலையை இழக்கிறான், வேலையை நம்பித் தந்தை வாங்கிய கடன் வட்டியோடு நிற்கிறது, தங்கையின் படிப்பு நிற்கிறது, "படிச்சு என்னத்தக் கண்டான்" என்று ஊர் கேட்கிறது. அங்கே அச்சத்தின் விலை ஒரு மதிப்பெண். இங்கே அச்சத்தின் விலை ஒரு வாழ்வு. அச்சத்தை மட்டும் அளந்து, அதன் விலையை அளக்காத ஆய்வு பாதி ஆய்வே. மூவர் கூறிய மூன்றினுள்ளே, பிறர் தாழ்வாக மதிப்பிடுவரோ என்ற அச்சம் இருக்கிறதே, அந்தப் "பிறர்" யார் என்ற கேள்வியை டெக்சாசிலே கேட்காமல் இருக்கலாம். தமிழ்நாட்டிலே கேட்காமல் இருக்க முடியுமா?

கேட்போம். அதற்கு முன், இரண்டாம் கூற்றைப் பார்ப்போம்.

தமிழ்வழியால் வந்த கேடு என்கிறார்கள். 2012–13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. சிற்றூர்களிலும் மஞ்சள் வண்டி வந்து நிற்கும் தனியார் ஆங்கிலப் பள்ளிகள் பெருகின. அங்கே படித்த பிள்ளைகள் எல்லாரும் அஞ்சாமல் பேசுகிறார்களா? பாடத்தை ஒப்புவிக்கிறார்கள், பேசச் சொன்னால் விழிக்கிறார்கள். ஒப்புவித்தல் வேறு, உரையாடல் வேறு. பொருள் விளங்காமல் மந்திரம் ஓதுவதை எள்ளி நகையாடிய நாம், பொருள் விளங்காமல் ஆங்கிலம் ஓதுவதைக் கல்வி என்று ஒப்புவோமா? நம் பள்ளித் தேர்வுகள் பெரிதும் கையெழுத்தையே அளக்கின்றன, நாவை அளப்பதில்லை. அளக்கப்படாதது கற்பிக்கப்படுவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் எழுத மட்டும் பழக்கிவிட்டு, பதின்மூன்றாம் ஆண்டிலே "பேசு" என்றால், நீச்சலைப் பற்றிக் கட்டுரை எழுதியவனைக் கிணற்றிலே தள்ளுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தமிழ்வழி குற்றவாளியன்று. ஆயினும் தமிழ் வகுப்பறை முற்றிலும் குற்றமற்றது என்றும் நாம் சொல்லமாட்டோம். ஏனெனில், கரிசல் பிள்ளையின் நாவுக்கு முதற் பூட்டு விழுந்தது ஆங்கில வகுப்பிலே அன்று, தமிழ் வகுப்பிலே!

"வெள்ளன வந்துட்டேன்" என்கிறது குழந்தை. "அதிகாலையில் என்று சொல்" என்கிறார் ஆசிரியர். "பைய நடந்தேன்" என்கிறது. "மெதுவாக என்று சொல்" என்கிறார். "பைய" என்பது பழந்தமிழ் நூல்களிலே ஆளப்பட்ட தூய தமிழ்ச்சொல் என்பது அக்குழந்தைக்கு எப்படித் தெரியும்? தன் தாயின் சொல் தவறு, தன் ஊரின் பேச்சு கொச்சை, தன் வாயிலிருந்து வருவது எதுவாயினும் திருத்தப்படத் தக்கது என்ற பாடம்தான் அதற்குத் தெரிகிறது. அன்று முதல் அது பேசுமுன் அஞ்சத் தொடங்குகிறது. பொதுத்தமிழ் கற்பிக்க வேண்டாமா? வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால், ஒன்றைக் கற்பிப்பதற்காக மற்றொன்றை இழிவுபடுத்த வேண்டுமா?

இந்த இழிவினை எதிர்த்து எழுத்திலே போராடியவர் ஒருவர் உண்டு. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்னும் சிற்றூரிலே 1923இல் பிறந்த கி. ராஜநாராயணன் அவர். நம் அணியைச் சேர்ந்தவரல்லர். பொதுவுடைமையாளரோடும் உழவர் போராட்டங்களோடும் நின்றவர். பள்ளிப் படிப்பைப் பாதியிலே விட்டவர். தெலுங்கு பேசும் குடியிலே பிறந்து, கரிசல் தமிழிலே கதை எழுதியவர். "பேச்சு வழக்கை ஏட்டிலே ஏற்றலாமா" என்று புலவர்கள் முகம் சுளித்த காலத்திலே, தன் மக்களின் சொற்களையெல்லாம் திரட்டி, 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றையே வெளிக்கொணர்ந்தார். 1991இல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. பள்ளியை முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்து அமர்த்திக்கொண்டது. 2021இல் அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது தமிழ்நாட்டரசு. அந்த வாழ்வு கூறும் செய்தி என்ன? தன் பேச்சுக்கு நாணாதவன் எந்த அவையிலும் அமரலாம் என்பதல்லவா?

அவர் எழுதிய 'கதவு' என்னும் சிறுகதையை நம் இளைஞர்கள் படிக்க வேண்டும். ஓர் ஏழை வீட்டுக் குழந்தைகள் தம் வீட்டுக் கதவையே வண்டியாக்கி ஏறி விளையாடுகின்றன. தீர்வை பாக்கிக்காக ஒரு நாள் தலையாரி அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போகிறான். கதவில்லாத வீட்டிலே வாடைக்காற்று புகுந்து வாட்டுகிறது. பின்னர் எங்கோ கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தக் கதவைக் கண்டுபிடித்து, குழந்தைகள் அதைக் கட்டிக்கொள்கின்றன. மொழிக்கும் இது பொருந்துமல்லவா? குழந்தைக்கு மொழி ஓர் ஊர்தி. ஏறி விளையாடும் கதவு. தீர்வை வாங்க வந்தவர்கள் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தமிழிலேயே கதவை இழந்த பிள்ளை, ஆங்கிலம் என்னும் கதவைத் தட்டுவதற்கு எப்படிக் கை தூக்கும்?

இனி, அந்தப் "பிறர்" யார் என்ற கேள்விக்கு வருவோம்.

சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதிலே உலோகத்தைக் காய்ச்சி ஊற்று, ஓதினால் நாவை அறு என்று விதித்தது கௌதம தர்மசூத்திரம். மொழிக்கு அஞ்சும் பழக்கம் இந்த மண்ணிலே எங்கே தொடங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அது உயர்ந்தோர் மொழி, நீ பேசத் தகாதவன், பேசினால் தண்டனை! இன்று உலோகம் காய்ச்சுவோர் இல்லை; கத்தி எடுப்போர் இல்லை. அதன் இடத்திலே வந்து அமர்ந்திருப்பது ஒரு சிரிப்பு. உதட்டின் ஓரத்திலே எழும் சிறு நகை. "பஸ்" என்பதைப் "பஸ்ஸு" என்றவன் மீது, "ஸ்கூல்" என்பதை "இஸ்கூல்" என்றவள் மீது பாய்கிறதே, அந்தச் சிரிப்புதான் காய்ச்சிய உலோகத்தின் கொள்ளுப்பேரன்! திரைப்படங்கள் அதைக் காசாக்கின. பட்டிக்காட்டான் தப்பும் தவறுமாய் ஆங்கிலம் பேசும் காட்சி நகைச்சுவை என்ற பெயரிலே திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. திரையரங்கிலே சிரித்தவன் யார்? நாளை அதே சிரிப்புக்கு ஆளாகப்போகும் அதே பட்டிக்காட்டான்!

வெள்ளையர் ஆட்சியிலே ஆங்கிலக் கல்வி வந்தபோது அதை முதலில் எட்டிப் பிடித்தவர்கள் யார் என்பதை, 1916 டிசம்பரிலே பிட்டி தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கை புள்ளி விவரங்களோடு எடுத்துரைத்தது. மக்கள்தொகையில் நூற்றுக்கு மூவராய் இருந்தோர், பட்டத்திலும் பதவியிலும் பெரும்பகுதியைக் கைப்பற்றியிருந்தனர். முந்தியவன் நடந்த பாதையே நேர்பாதை ஆயிற்று. அவன் உச்சரிப்பே உச்சரிப்பு ஆயிற்று. பிந்தி வந்தவன் பேச்சு நகைப்புக்கு இடமாயிற்று.

இந்த நோய் இங்கு மட்டும் உள்ளதா? ஆங்கிலம் பிறந்த நாட்டிலேயே உண்டு. 1913இல் முதன்முதலாக மேடையேறிய பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்திலே பூ விற்கும் பெண்ணொருத்தி வருகிறாள். அவள் தாய்மொழி ஆங்கிலம்தான். ஆனால் அது தெருவோரத்து ஆங்கிலம். சீமாட்டிகளின் உச்சரிப்பைக் கற்கும்வரை அவள் மனிதப்பிறவியாகவே மதிக்கப்படவில்லை. வேல்சு நாட்டிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், தாய்மொழி பேசிய பள்ளிக் குழந்தையின் கழுத்திலே மரப்பலகை மாட்டினர். கென்யாவின் எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, 1986இல் வெளியிட்ட நூலிலே, தம் பள்ளிக்கருகே கிக்கூயு மொழி பேசிப் பிடிபட்ட பிள்ளைகள் பிரம்படி பட்டதையும், கழுத்திலே இழிமொழி எழுதிய தகடு தொங்கவிடப்பட்டதையும் எழுதியிருக்கிறார். தமிழ் பேசினால் அபராதம் விதிக்கும் பள்ளிகள் நம் ஊரிலும் இருந்தன. பலகை, பிரம்பு, அபராதம், சிரிப்பு: கருவிகள் வேறு, கருத்து ஒன்று. எங்கெல்லாம் ஒரு மொழி மேலிருந்து கீழே இறக்கப்படுகிறதோ, அங்கெல்லாம் அச்சம் அதனோடு சேர்ந்து இறங்குகிறது. எங்கெல்லாம் ஒரு மொழி பக்கத்து வீட்டிலிருந்து நம் வீட்டுக்குள் வருகிறதோ, அங்கெல்லாம் அது விளையாட்டுத் தோழனாக வருகிறது. கரிசல் குழந்தையின் தெலுங்குக்கும் தமிழுக்கும், அதே குழந்தையின் ஆங்கிலத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அச்சம் மொழியிலே இல்லை. மொழி நிற்கும் மேட்டிலே இருக்கிறது!

மூன்றாம் சாராருக்கு விடை கூறுவோம். தூக்கி எறி என்கிறார்கள். எறிந்துவிட்டு? எதை ஏந்துவது? 1965இல் மாணவர் தெருவுக்கு வந்ததும், உயிர்கள் பலியானதும் எதற்காக? இந்தி ஆட்சிமொழியாகி, தில்லியிலே தமிழன் வாயடைத்து நிற்கக்கூடாது என்பதற்காக. 1967இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டதும், 1968 சனவரி 23இல் அண்ணா முதலமைச்சராக இருந்து சட்டமன்றத்திலே இருமொழித் தீர்மானம் நிறைவேற்றியதும் எதற்காக? தமிழ் நமக்கு வீடு, ஆங்கிலம் உலகுக்கு வாயில் என்பதற்காக.

கரிசல் மண்ணின் மைந்தர் காமராசரை எண்ணிப் பாருங்கள். விருதுநகரிலே பிறந்து, பள்ளிப் படிப்பை இளமையிலேயே துறந்தவர். 1956இல் எட்டயபுரத்திலே பள்ளிப்பிள்ளைகளுக்குப் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தவர். அரசியலிலே நாம் அவரோடு மோதியிருக்கிறோம்; கல்வியிலே அவர் செய்த தொண்டினை மறந்ததில்லை. 1964இலும் 1966இலும் இந்தியாவின் தலைமையமைச்சர் யார் என்பதை முடிவு செய்வதிலே முதன்மைப் பங்கு கொண்ட அந்த மனிதர், அந்த நாற்காலியிலே தாமே அமர முன்வரவில்லை. இந்தியும் ஆங்கிலமும் தமக்குச் சரளமாக வாரா என்பதையே அவர் காரணமாக எண்ணினார் என்று சொல்லப்படுவதுண்டு. அது உண்மையாயின், அதிலே நாம் காண்பது அவர் குறையையா? இல்லை. நாடாளும் ஆற்றலை நாவின் வளைவு நெளிவைக் கொண்டு அளக்கும் ஒரு நாட்டின் குறையைக் காண்கிறோம். அளவுகோலை மாற்று என்று போராடுவோம். அது மாறும்வரை நம் பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்கவேண்டும் என்று சொல்லமாட்டோம்.

இன்று இக்கேள்வி முன்னிலும் கூர்மை பெற்றிருக்கிறது. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் சட்டமாயிற்று. ஒரு தலைமுறைக்கு முன்னர் கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீசுகளிலே குச்சி அடுக்கிய சிறுமியரின் பிள்ளைகள் இன்று மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகின்றனர். நுழைந்துவிட்டனர், இடம் கிடைத்துவிட்டது. ஆனால் முதலாண்டு வகுப்பறையிலே, ஆங்கிலத்திலே கேள்வி கேட்க அஞ்சி, ஐயத்தை நெஞ்சுக்குள்ளேயே புதைத்துக்கொண்டு, கடைசி வரிசையிலே அமர்ந்திருந்தால், பெற்ற இடத்தின் பயன் என்ன? இடம் வாங்கித் தந்த இயக்கம், குரலையும் வாங்கித் தர வேண்டாமா?

இந்த அச்சத்துக்கு மருந்து என்று சொல்லிக்கொண்டு இரு கடைகள் திறந்திருக்கின்றன. அவற்றையும் திறனாய்ந்துவிடுவோம்.

முதற் கடை, முப்பது நாளிலே ஆங்கிலம் பேசலாம் என்று கூவும் வழிகாட்டி நூல்களின் கடை. பேருந்து நிலையத்திலே தொங்கும் அந்நூல்களைப் புரட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்திலே ஆங்கிலத்தை எழுதி வைத்து எட்டாததை எட்டச் செய்தவை அவை. அந்தத் தொண்டினை மறுக்கமாட்டோம். ஆனால், அவற்றுள் பலவற்றின் முற்பக்கங்களிலே முந்தி நிற்கும் வாக்கியங்கள் எவை? "மே ஐ கம் இன், சார்?", "எக்ஸ்கியூஸ் மீ, சார்", "ஐ ஆம் சாரி, சார்". உள்ளே வரலாமா என்று கேட்பது, பொறுத்தருள்க என்று வேண்டுவது, வருந்துகிறேன் என்று தலை குனிவது! "இந்தக் கூலி போதாது", "இந்தக் கணக்கு தவறு", "எனக்கு விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்னும் வாக்கியங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பணிவை மொழியென்று விற்கும் நூல் அச்சத்தைப் போக்குமா, வளர்க்குமா?

இரண்டாம் கடை இன்னும் வியப்பானது. சூத்திரரும் ஆதிசூத்திரரும் ஆங்கிலம் கற்று விடுதலை பெறவேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மராட்டியத்திலே கவிதை பாடினார் சாவித்திரிபாய் புலே. அது அறிவின் குரல். அதே உணர்விலே, 2010இல் உத்தரப் பிரதேசத்தின் பாங்கா என்னும் சிற்றூரிலே, தலித் சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத் முன்னின்று, ஆங்கிலத் தேவிக்குக் கோவில் எழுப்ப அடிக்கல் நாட்டப்பட்டது. தலையிலே தொப்பி, ஒரு கையிலே எழுதுகோல், மறு கையிலே அரசியல் சட்டம், காலடியிலே கணிப்பொறி! ஒடுக்கப்பட்டோர் உள்ளத்திலே எழுந்த வேட்கையை நாம் மதிக்கிறோம். ஆனால் தேவியாக்குவதை ஏற்க இயலாது. தேவி என்றால் பூசாரி வேண்டும். பூசாரி வந்தால் கருவறை வரும். கருவறை வந்தால் "நீ வெளியே நில்" என்ற குரலும் வரும். ஆங்கிலம் தேவியன்று, கருவி. மண்வெட்டியைப் போல, தட்டச்சுப் பொறியைப் போல, கைக்கு அடங்கும் கருவி. கருவியைக் கும்பிடுகிறவன் அதைக் கையாளமாட்டான். அச்சமும் வழிபாடும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றை வளர்த்துக்கொண்டு மற்றொன்றை ஒழிக்க முடியாது.

பின் எதுதான் வழி? புதிதாகத் தேட வேண்டியதில்லை. நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஜமீன்தாரின் முன்னே துண்டை இடுப்பிலே கட்டி, வாய் பொத்தி நின்ற சமுதாயம் இது. "சாமி" என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேசியறியாத சமுதாயம். அதை மேடையேற்றிப் பேச வைத்தது எது? பல்கலைக்கழகமா? இல்லை. முடிதிருத்தகமும், தேநீர்க்கடையும், மிதிவண்டிக் கடையும், ஓலைக் கூரையிட்ட படிப்பகமும்! ஒருவர் ஏட்டை உரக்கப் படித்தார். எழுத்தறியாத பத்துப் பேர் கேட்டனர். பதினோராம் நாள் அப்பத்துப் பேரில் ஒருவர் எழுந்து பேசினார். தடுமாறினார், தோழர்கள் கைதட்டினர். மறுவாரம் தடுமாற்றம் குறைந்தது. மறு ஆண்டு அவரே மேடைப் பேச்சாளர் ஆனார். கூழாங்கல்லை வாயிலிட்டுப் பேசிப் பழகித் திக்குவாயை வென்றான் என்று கிரேக்க நாட்டு டெமாஸ்தனிஸைப் பற்றிக் கதை சொல்வார்கள். அவன் தனியாகப் பழகினான். நாம் கூட்டமாகப் பழகினோம். சிரிக்காத கூட்டம் ஒன்றைக் கட்டியதுதான் நம் இயக்கத்தின் தனிப்பெரும் கல்வித் தொண்டு!

பள்ளிப் படிப்பு மிகாத பெரியார், 1928இல் 'ரிவோல்ட்' என்னும் ஆங்கில வார ஏட்டைத் தொடங்கினார். 1931 இறுதியிலே புறப்பட்டு ஐரோப்பாவைச் சுற்றி வந்தார். "எனக்கு ஆங்கிலப் புலமை இல்லையே" என்று அவர் ஈரோட்டிலேயே முடங்கவில்லை. காஞ்சிபுரத்து நெசவாளர் குடியிலே பிறந்த அண்ணா, 1962இல் மாநிலங்களவையிலே ஆங்கிலத்திலே எழுந்து முழங்கினார். 1968இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரை அழைத்துச் சிறப்பித்தது. ஒருவர் புலமையின்றியும் அஞ்சவில்லை. மற்றவர் புலமையோடும் மயங்கவில்லை. தம் சொல்லுக்குப் பொருள் உண்டு என்று நம்பியவர்கள் இருவரும்.

ஆகவே நம் இளைஞர்க்கு நாம் கூறுவது இது. கோவில்பட்டியிலும், கயத்தாற்றிலும், சாத்தூரிலும், விளாத்திகுளத்திலும் உள்ள படிப்பகங்களிலே மாலைதோறும் ஒரு மணி நேரம் ஆங்கிலப் பேச்சு மன்றம் கூட்டுங்கள். லண்டன் பாலத்தைப் பற்றிப் பேச வேண்டாம். பருத்தி விலை ஏன் விழுந்தது என்று பேசுங்கள், மக்காச்சோளத்திலே புகுந்த புழுவைப் பற்றிப் பேசுங்கள், தீப்பெட்டி ஆபீசுக் கூலியைப் பற்றிப் பேசுங்கள், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்க் கடலைமிட்டாயை வெளியூரானுக்கு விற்பது போலப் பேசுங்கள். தன் வாழ்வைப் பற்றிப் பேசுகிறவனுக்குச் சொல் தேடி வரும். மன்றத்திலே மூன்று விதிகள் போதும்: பேசுகிறவரை இடையிலே திருத்தக்கூடாது, சொல் கிடைக்காத இடத்திலே தமிழ்ச் சொல்லைப் போட்டுக்கொண்டு மேலே செல்லலாம், எவரும் எவரையும் பார்த்துச் சிரிக்கக்கூடாது. பெண்கள் முதலில் பேசட்டும்.

அரசுக்கும் நம் கோரிக்கை உண்டு. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலே ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் இடம்பெற்றதை வரவேற்கிறோம். கல்லூரிக்கு வந்த பிறகு பூட்டைத் திறப்பதைவிட, ஆறாம் வகுப்பிலேயே பூட்டு விழாமல் காப்பது எளிது. வாரத்திற்கு ஒரு வகுப்பாவது மதிப்பெண்ணும் பிரம்பும் இல்லாத பேச்சு வகுப்பாக இருக்கட்டும். அங்கே ஆசிரியரும் தயங்காமல் பேசிப் பழகட்டும். நேர்முகத் தேர்வு நடத்துவோர்க்கும் ஒரு சொல்: நீங்கள் தேடுவது பொறியாளரையா, குரல் நடிகரையா? தமிழ் ஒலி கலந்த ஆங்கிலம் பிழையன்று. ஸ்காட்லாந்துக்காரனுக்கும் அமெரிக்கனுக்கும் தனித்தனி ஆங்கிலம் இருக்கும்போது, கரிசல்காரனுக்கு ஓர் ஆங்கிலம் இருந்தால் வானம் இடிந்துவிடாது.

இளைஞர்களே! நாவுக்குப் பூட்டிட்டது யார் என்று கேட்டோம். இயற்கையன்று, தமிழன்று, ஆங்கிலமும் அன்று. ஒருவன் பேச்சைக் கேட்டு அவன் பிறப்பை எடை போடும் பழைய கண்தான் பூட்டிட்டது. அந்தக் கண்ணுக்கு நேரே நிமிர்ந்து, பிழையோடு பேசுங்கள்; பிழை திருந்தும். பேசாத வாய் திருந்தாது. அடுத்த முறை உங்கள் தோழன் ஒருவன் ஆங்கிலத்திலே தடுமாறும்போது நீங்கள் சிரிக்காதிருந்தால், ஒரு பூட்டு திறந்தது என்று பொருள். திறவுகோல் உங்கள் கையிலே!